பாலக் முச்சல் – இதய அறுவை நிதிப்பணி

பாலக் முச்சல் (பிறப்பு 1992) இந்தூரைச் சேர்ந்த இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகி. ஏழைக் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்குப் பாடியே பணம் திரட்டி வருபவர். 1999இல் கார்கில் போரில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்காகக் கடை கடையாகப் பாடியபோது அவருக்கு வயது ஏழு.

2000 மார்ச்சில், பிறவி இதயக் குறையுள்ள பள்ளிச் சிறுவன் ஒருவனுக்காக, தெரு வியாபாரியின் தள்ளுவண்டியையே மேடையாக்கிப் பாடினார். 51,000 ரூபாய் சேர்ந்தது; தேவையோ 80,000. செய்தி பரவி, பெங்களூரு மருத்துவர் தேவி ஷெட்டி இலவசமாக அறுவை செய்ய முன்வந்தார். கையில் மிஞ்சிய பணத்தை என்ன செய்வது? வேறு குழந்தைகள் இருந்தால் தெரிவிக்கும்படி பெற்றோர் நாளிதழில் விளம்பரம் கொடுத்தனர். இந்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து 33 குழந்தைகள் வந்தார்கள். ஒரே ஊரைச் சுற்றி இத்தனை பேர் என்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது.

இத்தகைய பிறவிக் குறைகளில் ஒன்றான, இதய அறைகளுக்கு நடுவே உள்ள துளையை உரிய காலத்தில் அடைத்துவிட்டால், மூச்சிரைக்கும் குழந்தை மற்றவர்களைப் போல ஓடியாடும். பணமில்லாத வீட்டில் அந்தக் காலம் கடந்துபோகிறது.

‘ஆஷிகி 2’ (2013) பாடல்களால் புகழ்பெற்ற பின்பும் மேடை வருவாயை இப்பணிக்கே தந்தார். 2024இல் அறுவைகளின் எண்ணிக்கை 3,000ஐ எட்டியது. காப்பாற்றப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொம்மை என்பதே சிறுவயதில் அவர் தமக்கெனக் கேட்டுக்கொண்ட பரிசு.