வீணாகும் சூடு வீட்டுக்கு வந்த வரலாறு

செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலனில் எரிவது எது? எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் ஓடும்தான். அந்த நெருப்பில் எழும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பிறகு அதே ஆவி பழக்குலைகளை வேக வைக்கிறது. ஒரே நெருப்பு, இரண்டு வேலை! இந்தச் சிக்கனம் குடியிருப்புகளுக்கு வந்த கதையை இன்று காண்போம்.

பழைய மின்நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாயிற்று. மீதி ஆற்றுநீரிலும் புகைபோக்கியிலும் வீணாயிற்று. லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த பாட்டர்சீ மின்நிலையமும் அப்படிப்பட்டதே. எதிர்க்கரையில் உள்ள பிம்லிக்கோ, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையான பகுதி. போர் முடிந்ததும் அங்கே சர்ச்சில் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1950-இல், வீணான அந்தச் சூட்டைக் கொண்டு காய்ச்சிய நீரை, நதிக்கு அடியில் குழாய்வழி அவ்வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மின்சாரம் மிகுதியாக வேண்டிய நேரமும் வெந்நீர் வேண்டிய நேரமும் ஒன்றல்லவே! ஆகவே உயரமான கோபுரத் தொட்டியில் வெந்நீரைச் சேமித்து வைத்தார்கள்.

1983-இல் பாட்டர்சீ நிலையம் மூடப்பட்டது. குழாய்கள் இருந்தன, சூடு வருமிடம் போயிற்று. பிம்லிக்கோ தனக்கென்று கொதிகலன்களை நம்ப வேண்டியதாயிற்று. 2006-இல்தான் மின்சாரமும் சூடும் சேர்ந்து தரும் இயந்திரங்கள் அங்கேயே அமைந்தன.

சூட்டிலிருந்து குளிர்ச்சியும் பிறக்கும் என்றால் வியப்பாக இருக்கிறதா? 1859-இல் பிரான்ஸ் நாட்டுப் பெர்டினாண்ட் காரே இதைச் செய்து காட்டினார். அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அதைக் குளிரவைத்துத் திரவமாக்கி, மறுபடி ஆவியாக விட்டால், சுற்றியுள்ள வெப்பத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடம் குளிர்ந்துவிடும்.

மின்சாரம், சூடு, குளிர்ச்சி மூன்றையும் ஒரே இடத்தில் தரும் குடியிருப்பு ஒன்று நியூயார்க் நகரில் உள்ளது. அதன் பெயர் கோ-ஆப் சிட்டி. தொழிற்சங்கங்கள் துணைநின்ற அமைப்பு ஒன்று, நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்காகக் கூட்டுறவு முறையில் கட்டியது. 1968-இல் மக்கள் குடியேறத் தொடங்கினர். 35 உயர்ந்த கட்டடங்கள், 15,372 வீடுகள். பின்னாளில் அங்கே 40 மெகாவாட் மின்சாரம் தரும் சொந்த நிலையம் உருவாயிற்று. குளிர்காலத்தில் அறைகளுக்குச் சூடும் கோடையில் குளிர்ச்சியும் அதிலிருந்தே வருகின்றன.

2012 அக்டோபர் 29-ஆம் நாள் சாண்டிப் புயல் நியூயார்க்கைத் தாக்கியது. நகரில் லட்சக்கணக்கானோர் இருளில் தவித்தனர். கோ-ஆப் சிட்டியிலோ விளக்குகள் எரிந்தன.

மின்சாரம் கம்பி வழியே நெடுந்தூரம் போகும். சூடு அப்படிப் போகாது, வழியிலேயே ஆறிவிடும். அதனால் நெருப்பும் வீடும் அருகருகே இருக்க வேண்டும். பிறர் அடுப்பின் மிச்சச் சூட்டை மட்டும் நம்பியவர்கள், அந்த அடுப்பு அணைந்த நாளில் வழி தேடினார்கள். சொந்த அடுப்பைக் கூட்டாக வைத்துக்கொண்டவர்களின் வீட்டில் புயலிலும் விளக்கு அணையவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் பதித்துக்கொள்வோம்.