முதலூரும் நம் முன்னோர் பட்ட பாடும்

தேரிக்காட்டின் செம்மணல் ஓரத்தே, சாத்தான்குளத்துக்கு அணித்தாய், முதலூர் என்றோர் ஊர் உளது. இக்காலத்தார் அப்பெயரைக் கேட்டவுடன் மஸ்கோத்து அல்வாவையே நினைக்கின்றனர். அதனை யாம் குறை கூறவில்லை, அல்வா நல்லதே. ஆயினும் அவ்வூர் எத்தகைய இடுக்கணிடையே தோன்றிற்று என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியாதிருத்தல் தகாதெனக் கருதி இதனை வரையலானோம்.

தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்றுத் தாவீது என்னும் நாமம் பூண்ட சுந்தரானந்தம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் சொந்தச் சீமைக்குத் திரும்பி, உற்றார் உறவினரிடையே கிறிஸ்து மார்க்கத்தைப் போதித்தார். 1790இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டையில் ஊழியம் புரிந்த சத்தியநாதன் அவருக்கு உற்ற துணையாயினார். 1797இல் சண்முகபுரத்தில் நம் நாடார் குலத்தார் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். தொல்லைகளும் உடனே தொடங்கின. பனையையே நம்பிப் பிழைப்பார்க்குப் பகையாவாரோடு ஒரே ஊரில் வாழ்தல் எத்துணை அரிது என்பதைப் பனங்காட்டில் வளர்ந்தோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாடும் அமைதியாயில்லை, பாஞ்சாலங்குறிச்சிப் போர் மூண்டு, கட்டபொம்ம நாயக்கர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் 1799ஆம் ஆண்டிலேயே.

அவ்வாண்டில்தான் தாவீது, துன்புற்றார் ஒதுங்கி வாழ நிலம் தேடி, ஒரு புதுக் குடியிருப்பை நாட்டினார். அடைக்கல ஊர்களுள் அதுவே முதலாவதாதலின் முதலூர் எனப்பட்டது. விசுவாசம் உள்ளத்தளவில் நிற்பதென்பார் பலர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். தனித்து நின்றவன் அஞ்சுவான். ஒரு கிணற்று நீரை உண்டு, ஒரு கூரையின்கீழ் கூடிச் செபம் செய்வோர் ஒருவரையொருவர் தாங்குவர். அவ்வுண்மையைத் தாவீது நன்கறிந்திருந்தார் போலும்.

1802இல் கெரிக்கே ஐயர் அச்சீமையைச் சுற்றி வந்த காலத்தும் அதனையடுத்தும் ஆயிரக்கணக்கானோர் சபையிற் சேர்ந்தனர். ஆனால் 1803இல் அவர் காலஞ்சென்றார். பின்னர்ச் சபையைத் தொடர்ந்து விசாரிக்க மிஷனெரிமாரில்லை. அந்நிலையில் 1811ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வந்தது. வீடுதோறும் சாவு விழுந்தது. பலர் பழைய தெய்வங்களிடமே மீண்டனர். அவர்களைப் பழிக்க எமக்கு மனமில்லை. பிள்ளையைப் புதைத்த தாய் எக்கோயிலில் அழுதாலும் அழுகை ஒன்றே. நம் சங்கத்துச் சைவ அன்பர்களும் இதற்கு உடன்படுவர்.

எனினும் நிலைத்து நின்றாரும் உளர். 1816இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக வந்த ஹௌ ஐயர், சபை அழிந்தொழிந்திருக்கக் காணவில்லை. முதலூரும் நாசரேத்தும் முழுக் கிறிஸ்தவ ஊர்களாகவே நின்றன. அவற்றைக் காத்தவர் கடல் கடந்து வந்தாரல்லர். நாட்டுக் குருமார் சிலரும், ஊரூராய் நடந்த உபதேசியார்களுமே. வேதம் வாசிக்கவும், நோயாளியின் பாயருகே அமர்ந்து செபிக்கவும், இறந்தாரை அடக்கம் பண்ணவும் அவர்களே இருந்தனர்.

ஹௌ ஐயர் விடுத்த வேண்டுகோளின் பயனாக 1820இல் ரேனியஸ் ஐயர் வந்தார். அவர் காலத்தில், 1830இல் ஏற்பட்ட தர்ம சங்கம், துன்புற்றார்க்கு நிலம் வாங்கிக் கொடுத்து ஊர் அமைப்பதையே பணியாகக் கொண்டது. தாவீது வறுமையிடையே தொடங்கிய முறை அங்ஙனம் ஒரு சங்கத்தின் முறையாயிற்று. ரேனியஸ் ஐயரின் புகழைப் பலரும் எழுதியுள்ளனர். யாம் மீண்டும் விரித்தல் மிகை.

உபதேசியார்களைப் பற்றியோ எழுதினாரில்லை. 1803 முதல் 1820 வரை ஊழியம் புரிந்த அன்னாரில் வெகு சிலர் பெயரே ஏட்டிலேறியுள்ளது. நம் குடும்பங்களில் எவர் வீட்டிலேனும் ஓலையிலோ, பழைய வேதபுத்தகத்தின் முன்னேட்டிலோ அத்தகையார் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்குமாயின், அன்பர்கள் படியெடுத்து இப்பத்திரிகைக்கு அனுப்புவார்களாக.