பிரட்டுக்களமும் பேச்சுரிமையும்

ஊழியர் தமக்குள் உரையாட முகநூல் நிறுவனம் 2016இல் 'வொர்க்பிளேஸ்' என்ற தளத்தைத் தொடங்கியது. அதை மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. இத்தகைய தளங்களைப் புதுமை என்போர் வலப்பனை, ராகலை உள்ளிட்ட மலையகத் தோட்டங்களின் பழங்கதையையும் அறிதல் நன்று.

அங்கே அதிகாலையில் தப்பு முழங்கும். லயத்து மக்கள் பிரட்டுக்களத்தில் கூடுவர். துரையின் உத்தரவைக் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அறிவிப்பர். செய்தி மேலிருந்து கீழே இறங்கியது. கீழிருந்து மேலே ஏற வழியில்லை. கடனைக் குறித்த 'துண்டு' என்னும் காகிதமும் தொழிலாளியைப் பற்றிப் பேசியதேயன்றி, அவனைப் பேசவிடவில்லை. அம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

இவ்விடத்தில் பத்திரிகையாளர் மறக்கலாகாத பெயர் கோ. நடேசய்யர். வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரியாகச் சென்று நிலைமையை அறிந்தார். 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்டார். துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்ட மக்களிடையே பாடல்கள் பாடிக் கருத்தைப் பரப்பினார். எழுத்தறியாதோரையும் அது எட்டியது.

களம் எவருடையதோ, பேச்சின் எல்லையை வகுப்பவரும் அவரே. நிறுவனத் தளத்தில் ஊழியர் எழுதும் குறையை நிர்வாகமும் வாசிக்கிறது. பிரட்டுக்களத்தில் எழாத குரல், அதற்கு வெளியே தமக்கென இதழும் சங்கமும் வாய்த்த பின்னரே எழுந்தது.