ரம்பாவும் பூங்கோதையும்

தமிழ் சினிமாவில் காமத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கோடம்பாக்கத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தொடங்குகிறேன். திரையில் பெண்ணுடலை எப்படிக் காட்டினால் சகித்துக்கொள்வோம், எப்படிக் காட்டினால் கொதித்தெழுவோம் என்பது இந்த இரண்டு ஊர் ஸ்டுடியோக்களின் இரண்டு படங்களிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று, கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவாகி 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்'. மற்றது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட 'பொன்முடி'. இரண்டிலும் நிர்வாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் முதல் படத்தை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. இரண்டாவது படம் தமிழ்ப் பண்பாட்டையே கெடுத்துவிட்டதாக ஏச்சு வாங்கியது.

'ஹரிதாஸ்' பக்திப் படம். பெற்றோரை மதிக்காத செல்வந்தன் ஒருவன் ரம்பா என்ற தாசியிடம் மயங்கிச் சொத்தையெல்லாம் இழக்கிறான். முனிவரை உதைக்கக் காலைத் தூக்கிக் கால்களையும் இழக்கிறான். பிறகு திருந்தி, தாய் தந்தைக்குத் தொண்டு செய்து, கடவுளையே வாசலில் காத்திருக்க வைக்கிறான். சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கம், இளங்கோவன் வசனம், தியாகராஜ பாகவதர் நாயகன். மன்மதனைப் பற்றி அவர் பாட, டி.ஆர். ராஜகுமாரி ஆடும் காட்சியை இன்றும் பார்க்கலாம். இடுப்பின் நெளிவைவிடக் கண்கள்தான் அதிகம் வேலை செய்கின்றன. பாதி மூடி, பக்கவாட்டில் ஓடி, பாகவதர் மீது வந்து நிற்கும் பார்வை அது. நடுவில் விரலை உதட்டில் ஒற்றிக் காற்றில் அனுப்பும் ஒரு முத்தம். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய முத்தம் அது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து போய்ப் பார்த்த படம்.

அதை எப்படித் தாங்கிக்கொண்டார்கள்? கதை முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன். ரம்பா தாசி. அவள் ஆசைப்படுவதும் ஆசைகாட்டுவதும் அவள் தொழில். அவளைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, கடைசி ரீலில் நாயகனோடு சேர்ந்து நாமும் திருந்திவிடலாம். வீட்டில் மனைவி லட்சுமி, என்.சி. வசந்தகோகிலத்தின் உருவத்தில், கண்ணீரோடு காத்திருக்கிறாள். அவளுக்கு உடல் உண்டு என்பதற்கான அடையாளமே படத்தில் இல்லை. இத்தனைக்கும் ராஜகுமாரியின் நடிப்பு அந்தத் தீர்ப்புக்கு அடங்கவில்லை. படம் அவளை வெறுக்கச் சொல்கிறது, கேமரா அவளைவிட்டு நகர மறுக்கிறது.

சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்து போய் வந்தவர், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை 1930களின் நடுவில் தொடங்கினார். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைப் படமாக்க முடிவு செய்து, இயக்கும் பொறுப்பை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனிடம் கொடுத்தார். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 1936-லேயே 'சதி லீலாவதி' எடுத்தவர். காதல் காட்சியில் முகங்களை எவ்வளவு அருகில் கொண்டு வரவேண்டும் என்று தெரிந்தவர். பொன்முடியும் பூங்கோதையும் பூம்புகார் முத்து வணிகர் வீட்டுப் பிள்ளைகள், உறவுக்காரர்கள், கல்யாணம் பேசி வைக்கப்பட்டவர்கள். முத்து வியாபாரத்தில் பெரியவர்களுக்குள் சண்டை வந்து பிரிக்கப்படுகிறார்கள். நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் இந்தக் காதலர்களாக ஒருவரை ஒருவர் தழுவி நெருங்கியபோது, வெள்ளைக்காரன் ஹாலிவுட் அசிங்கத்தைத் தமிழ்நாட்டில் இறக்கிவிட்டான் என்று கண்டனம் கிளம்பியது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற உரிமையை நம் கொங்கு நாட்டைவிடப் பெருமையாகப் பேசும் ஊர் எது? கல்யாண வீட்டுப் பந்தியிலேயே மாமன் மகளைச் சீண்டுவார்கள், கிழவிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். பூங்கோதை ஊர் வழக்கத்தில் எதையும் மீறவில்லை. அவள் தாசியும் இல்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. அவனைப் பிடித்திருக்கிறது, அதை உடலால் சொல்கிறாள். அதுதான் சிக்கல். நல்ல குடும்பத்துப் பெண்ணின் ஆசையைப் பார்த்தபின், திருந்துவதற்கு யாருமில்லை. பார்வையாளருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கவில்லை. டங்கன் அந்நியர் என்பது கோபத்தைக் கிளறியது உண்மைதான். அவரைக் கைகாட்டிவிட்டால், கதை நம் பாவேந்தர் எழுதியது என்பதை மறந்துவிடலாம் அல்லவா?

தணிக்கை இதில் பெரிய பாத்திரமில்லை. அன்று மாகாண வாரியங்களின் கண் அரசியல் மீதுதான் அதிகம் இருந்தது. 'தியாகபூமி'யை 1940-ல் தடை செய்ததே அதற்குச் சாட்சி. வயது வந்தோருக்கான சான்றிதழே 1949 திருத்தத்தில்தான் வந்தது. எழுதாத சட்டம் கொட்டகைக்குள் இருந்தது.

அந்தச் சட்டம் நீண்ட காலம் ஓடியது. 'மூன்றாம் பிறை' 1982-ல் வந்தது. கோவையிலிருந்து மலையேறினால் எட்டிவிடும் கேத்தியிலும் ஊட்டியிலும் எடுத்தது. சில்க் ஸ்மிதா அதில் வயதான கணவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம் மனைவி. அவள் ஆசைக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவளைக் குழந்தை மனம் கொண்ட ஸ்ரீதேவியின் பக்கத்தில் நிறுத்துகிறது படம். ரம்பா ஒரு பக்கம், லட்சுமி ஒரு பக்கம். பூங்கோதையைக் காணோம். ஆசை, தூய்மை இரண்டையும் ஒரே பெண்ணுக்குக் கொடுக்கப் பாலு மகேந்திரா போன்ற கலைஞரே அந்தப் படத்தில் துணியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

'பொன்முடி' வந்த அதே 1950-ல் அதே மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து 'மந்திரி குமாரி'யும் வந்தது. அதுவும் டங்கன் கைபட்ட படம், அதிலும் மாதுரி தேவி. தன்னைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துவந்த கணவனை மூன்று முறை வலம் வருவதாகச் சொல்லி, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள் மந்திரியின் மகள். அரங்கம் கைதட்டியது, படம் பெரும் வெற்றி பெற்றது. அந்த அமெரிக்கர் மீதான பழி மட்டும் 'பொன்முடி'யின் காதல் காட்சிகளுக்காகவே தொடர்ந்து சொல்லப்பட்டு வந்தது.