காருக்குள் இருக்கும் கதவுகள்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி. மைத்துனருக்கு நெஞ்சு வலி. விடியும் வரை காத்திருக்க முடியாது என்று நானே காரை எடுத்தேன். புவனகிரியிலிருந்து பு.முட்லூர் வந்து, கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். காருக்குள் நனைந்த உடையோடு நான்கு பேர். புதுச்சத்திரம் வருவதற்குள் முன் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. எதிரில் வரும் லாரியின் விளக்கு மட்டும் மங்கலாக ஒரு வட்டம்.

கண்ணாடிக்குக் காற்று அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. காற்றோ பழையபடி முகத்துக்கே வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன், பயனில்லை. கண்ணாடியை இறக்கினால் சாரல் நோயாளி மேல் அடிக்கிறது. கடலூர் வரை என் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, மெதுவாப் போங்க" என்பாள். பின் சீட்டிலிருந்து அவள் அண்ணன் முனகும் சத்தம் கேட்டால் "சீக்கிரம் போங்க" என்பாள். மைத்துனர் பிழைத்துக்கொண்டார். இன்றும் என்னைவிட வேகமாக நடக்கிறார். அந்தக் காரை மட்டும் நான் சும்மா விடவில்லை.

மறுவாரம் ஒரு பட்டறையில் காட்டினேன். வழக்கமான பதில்தான்: "கேஸ் போயிருக்கும் சார்." நம் பக்கத்தில் ஏ.சி.யில் எது பழுதானாலும் முதலில் குற்றம் சாட்டப்படுவது கேஸ்தான். காற்று சில்லென்று வருகிறது, தவறான இடத்தில் வருகிறது, அவ்வளவுதானே என்றேன். அப்படியானால் டாஷ்போர்டையே இறக்கிப் பெட்டியை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். என் ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டியது அது.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்குள் காற்றாடி, குளிரூட்டும் சுருள், சூடேற்றும் சுருள் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் கதவுகளும் உண்டு. வெளிக்காற்றா உள்காற்றா என்று தீர்மானிக்க ஒரு கதவு. சூட்டையும் குளிரையும் கலக்க ஒன்று. முகம், கால், கண்ணாடி என்று காற்றைப் பிரித்துவிட ஒன்றோ இரண்டோ. வீராணம் ஏரி வாய்க்கால்களில் மதகைத் திருப்பித் தண்ணீர் விடுவதுபோலத்தான். மெக்கானிக்குகள் இதை ஃபிளாப் என்பார்கள், அதைத் திருப்பும் மோட்டாரை ஆக்சுவேட்டர் என்பார்கள்.

காருக்கு முதலில் ஏ.சி. வைத்தபோது இந்தக் கதவுகள் இல்லை. 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம், தன் 1940 மாடலுக்குத்தான் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தித் தந்தது. விலை 274 டாலர். குளிரூட்டும் கருவி பின்பக்கம் டிக்கியை அடைத்துக்கொண்டு கிடந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்சே கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டு மூன்று வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். 1954இல் நாஷ் கம்பெனி ஹீட்டர், காற்றோட்டம், குளிர்ச்சி மூன்றையும் முன்பக்கமே ஒன்றாகச் சேர்த்தது. அந்தக் காரின் பெயர் என்ன தெரியுமா? அம்பாசடர். நம் அம்பாசடருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு உறவும் இல்லை. மூன்றும் ஓரிடத்துக்கு வந்தபின் காற்றை இங்கே விடு, அங்கே விடு என்று கதவுகள் வைத்தாக வேண்டியதாயிற்று.

அந்தக் கதவுகளை முதலில் கம்பிதான் இழுத்தது. சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற கம்பி. பிறகு பல அமெரிக்கக் கார்களில் வேக்குவம் வந்தது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையையே மெல்லிய ரப்பர் குழாய்களில் கொண்டுபோய்க் கதவுகளைத் திருப்பினார்கள். 1964இல் காடிலாக், வேண்டிய வெப்பத்தை ஒரு தடவை வைத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று 'ஆட்டோ' என்று பொத்தானில் எழுதியிருக்கிறதே, அதன் பாட்டன்.

வேக்குவம் காலத்து நல்ல புத்தி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழாய் ஓட்டையாகி இழுவை போய்விட்டால், அந்தக் கார்கள் பலவற்றில் கதவு ஸ்பிரிங்கின் பலத்தால் தானாகவே முன் கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். குளிர் போனால் போகட்டும், ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரியட்டும் என்று எவனோ ஒரு பொறியாளன் யோசித்திருக்கிறான். பிறகு வந்த மின்மோட்டாருக்கு அந்த இரக்கம் இல்லை. செத்தால் செத்த இடத்திலேயே நிற்கும். அன்று ராத்திரி எனக்கு நடந்தது அதுதான்.

நம் நாட்டில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் ஏ.சி. என்றால் முன் கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடிதான். அதைத் திருப்பிவிட்டால் முகத்தில் காற்று அறையும். வசதி உள்ளவர்கள் தனியாக வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டார்கள். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 1985இல் சுப்ரோஸ் நிறுவனம் ஜப்பானியரோடு சேர்ந்து கார் ஏ.சி. செய்யத் தொடங்கியது. மாருதியில் இழுத்துத் தள்ளும் லீவரும் கம்பியும்தான். கம்பி சிக்கினால் கைக்கே தெரிந்துவிடும். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் உற்பத்தி தொடங்கிய பிறகு, ஏ.சி. கார் நம் சிதம்பரம் வீதிகளிலும் சாதாரணமாயிற்று. அதன்பின் மெல்ல மெல்லக் கம்பி போய்ப் பொத்தான் வந்தது. பொத்தானில் விரல் வைத்தால் உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று தெரியாது.

நான் தொலைபேசித் துறையில் காலம் கழித்தவன். லைன் பழுது பார்த்தே கண் பூத்தவன். அங்கே எங்கள் கையில் எப்போதும் இருந்தது ஏவோ மீட்டர். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே கருவியில் அளக்க அதைக் கண்டுபிடித்தவர் டொனால்டு மெக்காடி, பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளர். நம்ம டிபார்ட்மென்ட் ஆள்! 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஆகவே கார் எனக்கு அந்நியமானாலும் கம்பி அந்நியமில்லை என்று துணிந்தேன். கடைத்தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் உண்டு. அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

கிளவ் பாக்ஸைக் கழற்றியதும் மோட்டார் தெரிந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஐந்து கம்பிகள். இரண்டு மோட்டாருக்கு: கரண்டை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். மற்ற மூன்றும் கதவு எங்கே நிற்கிறது என்று சொல்லும் உளவாளி. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு போன்றதுதான் அது. ஒரு முனையில் 5 வோல்ட், மறு முனை எர்த், நடுவில் கதவின் இடத்துக்கேற்ப ஒரு அளவு. அதைப் பார்த்துத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும்.

தம்பி பிளக்கைக் கழற்றி டிஜிட்டல் மீட்டரை வைத்தார். மனைவி உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். சில நொடிதான் கரண்ட் வரும், கதவு நகரவில்லை என்று தெரிந்ததும் பெட்டி நிறுத்திவிடும். மீட்டர் 12 சொச்சம் காட்டியது. "கரண்ட் வருது சார், மோட்டார்தான் அவுட்" என்றார். மோட்டாரைக் கழற்றி, அந்த இரண்டு முனைக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தோம். ஜம்மென்று சுற்றியது! பல்சக்கரம் தேய்ந்திருந்தால் டிக் டிக் என்று சத்தம் வந்திருக்கும், அதுவும் இல்லை. (மற்ற மூன்று முனைக்கு 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். மூன்றே கம்பி உள்ள புதுவகையில் உள்ளேயே மின்னணுச் சில்லு இருக்கும், அதில் இந்தச் சோதனையே கூடாது.)

கரண்ட் வருகிறது, மோட்டார் நல்லது, ஆனால் ஓடவில்லை. தம்பி தலையைச் சொறிந்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. இதே வேடிக்கையைக் கம்பத்தின் மேல் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ரிசீவரை வைத்திருக்கும்போது லைனில் 48 வோல்ட் சுத்தமாக இருக்கும். எடுத்தால் டயல் டோன் இருக்காது. நடுவில் எங்கோ ஒரு ஜாயின்ட் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மீட்டர் மிகச் சொற்பக் கரண்டைத்தான் இழுக்கும், அந்தச் சொற்பம் களிம்பு வழியாகவும் வந்துவிடும். வேலை செய்கிற கரண்டைக் கேட்டால்தான் குட்டு உடையும்.

"தம்பி, மீட்டரை வச்சுட்டு ஒரு சின்ன பல்பு எடுங்க" என்றேன். மீட்டர் போர்டு பல்பு, ஒரு வாட் அளவு. பெரிய பல்பு போட்டால் பெட்டியே புகைந்துவிடும். பல்பைப் பிளக்கில் வைத்ததும் நூலிழை சிவந்ததோடு சரி, வெளிச்சம் இல்லை. அதே நேரம் பெட்டியின் பக்கம் அளந்தால் முழு 12. நடுவில்தான் திருடன்.

இடதுபக்கக் கால் மிதியடியை உயர்த்தினோம். கார்பெட் ஈரம். அதன் கீழே ஒரு பிளக், பித்தளை முனைகள் பாசி பிடித்த குளத்துப்படிபோல். ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாயைக் காரின் அடியில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. தண்ணீர் உள்ளே திரும்பி மாதக்கணக்கில் சொட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டைக் கடற்காற்று வேறு நமக்குத் தூரமில்லை.

கம்பிகளை வெட்டிச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கினார் தம்பி. குளவிக்கூட்டைக் குத்தி எடுத்ததும் ஒரு செம்பு அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. பேட்டரியைக் கழற்றி மாட்டிச் சாவி போட்டோம். கதவுகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை போய்வந்து தங்கள் எல்லையைக் கற்றுக்கொண்டன. டாஷ்போர்டுக்குள் சர்... சர்... என்று சத்தம்.

தம்பி 400 ரூபாய் கேட்டார். மனைவி உள்ளேயிருந்து பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, கண்ணாடியோரம் உள்ளங்கையை நீட்டி, "வருதுங்க" என்றாள்.