சிடி உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு மாணவன் பேசினான். "சார், 2003-இல் ஏழாம் வகுப்பில் 'எங்க ஊரு' என்று எல்லோரையும் எழுத வைத்தீர்களே, எங்க ஆயா சொன்னதை நான் எழுதியிருந்தேன், அது இருக்குமா? ஆயா காலமாகிவிட்டார்கள்" என்றான். கெடிலத்தில் ஊற்று தோண்டிக் குடிநீர் எடுத்த கதை அது. எனக்கும் நினைவிருந்தது.

அந்த 26 கட்டுரைகளையும் தட்டச்சு செய்து சிடியில் பதிந்து வைத்திருந்தேன். இன்றைய மடிக்கணினியில் திறந்தால் தமிழே இல்லை, ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளுக்குத் தன் இஷ்டப்படி எண் கொடுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. ஆனாலும் பழைய பழக்கம் உடனே போகவில்லை. நான் பயன்படுத்தியது அந்தப் பொதுக் குறியீடுகளில் சேராத ஒன்று. அதன் சிடி கையில் இருக்கிறது, ஆனால் அது பழைய விண்டோஸில்தான் ஓடும்.

எனவே 2011 டிசம்பர் 30 தானே புயலின்போது பரணில் ஏற்றிய பழைய கணினியை இறக்கினேன். தேதி காட்டும் பொத்தான் பேட்டரி செத்திருந்தது. புதிது போட்டு, சிடியிலிருந்து முதலில் தொடங்கும்படி அமைத்து, விண்டோஸ் எக்ஸ்பி சிடியைப் போட்டேன். நீலத்திரை வந்தது, கோப்புகள் நகர்ந்தன, கணினி தானே அணைந்து மீண்டும் எழுந்தது. பாதி வழியில் "சிடியில் உள்ள ஒரு கோப்பு வேண்டும், சிடியைப் போடவும்" என்று நின்றுவிட்டது. சிடி உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது!

இது எனக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1982-இல் பிலிப்ஸும் சோனியும் சிடியைக் கொண்டுவந்தது பாட்டு கேட்பதற்காக. பிறகுதான் அது கணினிக்கு வந்தது. ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்.பி., ஒரு சிடியில் 650 எம்.பி. அதாவது ஏறக்குறைய 450 ஃபிளாப்பி. 1995-இல் வந்த விண்டோஸ் 95-ஐ ஃபிளாப்பியில் வாங்கியவர்கள் 13 ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். சிடியைப் படிக்க டிரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். அந்த நிரலே சிடிக்குள் இருந்தால்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். அதனால்தான் விண்டோஸ் 98-க்கு ஒரு தொடக்க ஃபிளாப்பி தேவைப்பட்டது. பொதுவான சிடி டிரைவர் அதில் இருந்தது. அந்த ஃபிளாப்பி நினைவகத்தில் ஒரு தற்காலிக டிஸ்க்கையும் உருவாக்கும். அதனால் 'டி' என்றிருந்த சிடி 'ஈ' ஆகிவிடும். இது தெரியாமல் ஒரு கோடை விடுமுறையில் இரண்டு நாள் 'டி'யிலேயே தேடியவன் நான்.

1995-இல் ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். நிறுவனங்கள் 'எல் டொரிட்டோ' என்ற முறையை வகுத்தன. கணினியின் தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்ற நிரலே சிடியைத் திறந்து தொடங்கி வைக்கும். பிறகு ஃபிளாப்பி தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் பயாஸ் தொடங்கி மட்டும்தான் வைக்கும். சற்று நேரத்தில் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் படிக்கத் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைப்பதுபோல. புதியவருக்குப் பிள்ளையின் கையெழுத்து புரியாவிட்டால் "இவன் எழுதவே இல்லை" என்பார். பழைய விண்டோஸில் "சிடி இல்லை" என்று வரும் பிழைகளில் பல இந்தக் கைமாற்றத்தில் நடப்பவை. பின்னாளில் விண்டோஸ் 7-ஐப் பென் டிரைவால் நிறுவியவர்களுக்கும் "சிடி டிரைவர் இல்லை" என்றே வந்தது. உண்மையில் அதற்குத் தெரியாதது புதிய யு.எஸ்.பி. 3 துளை. சிடிக்கு அங்கே வேலையே இல்லை!

தமிழுக்கும் இந்த சிடி டிரைவ்தான் அன்று வாசல். விண்டோஸ் 2000-இலேயே யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்துவிட்டன. 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பியில் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் போய் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். உடனே "எக்ஸ்பி சிடியைப் போடு" என்று கேட்கும். டிரைவ் கெட்டிருந்தால் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதற்குள் இந்தத் தொல்லைகளைப் பலர் மறந்தே போனார்கள்.

சரி, என் கணினிக்கு வருகிறேன். லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். வேறு சிடி போட்டேன். டிரைவின் பின்னால் உள்ள ஜம்பர் மாஸ்டரில்தான் இருந்தது. எல்லாம் செய்தும் அதே இடத்தில் நின்றது. அப்புறம்தான் யோசித்தேன். முதல் பாதியில் படிக்கிறதே, அப்படியானால் டிரைவ் சாகவில்லை. இரண்டாம் பாதியில் என்ன மாறுகிறது? வேகம். பயாஸ் மெதுவாகப் படிக்கிறது, விண்டோஸ் டி.எம்.ஏ. என்ற வேக முறைக்குப் போகிறது. பழைய டிரைவும் பழைய கேபிளும் அந்த வேகத்தில் தடுமாறுகின்றன. பயாஸுக்குள் போய் அந்த டிரைவுக்கு மட்டும் டி.எம்.ஏ.வை நிறுத்தினேன். நிறுவி முடிக்கப் பல மணி நேரம் ஆயிற்று. ஆனால் முடிந்தது.

கட்டுரைகள் திறந்தன. பேத்தி வாசிக்க வாசிக்க 26-ஐயும் யூனிகோடில் தட்டினேன். ஆயாவின் கதை பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தப் பையன் சத்தமாக வாசிக்கச் சொன்னால் திக்குவான். "உனக்குப் படிக்க வராது" என்று ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவனுக்குப் படிக்க வந்தது, நான்தான் அவசரப்படுத்தினேன். தொலைபேசியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றான்.

பிள்ளைகளே, பீரோவில் கல்யாண சிடி, பழைய கட்டுரை சிடி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள். நாம் வீட்டில் பதிந்த சிடியின் சாயப்பூச்சு நாளாக நாளாக மங்கும். படிக்கும்போதே வேறு இடத்தில் படியெடுத்து வையுங்கள். தமிழில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். படிக்கவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். வேறு டிரைவில் மெதுவாகப் படிக்க வைத்துப் பாருங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.