நிர்வாக எல்லையில் சமிக்ஞை: தூத்துக்குடி–கல்கிசை கடல்வடமும் ஒளியிழைத் தரநிலைகளின் அடுத்த கட்டமும்

தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் (மவுண்ட் லவீனியா) இடையிலான பாரத்–லங்கா ஒளியிழை வடம் 2006இல் இயங்கத் தொடங்கியது. நீளம் சுமார் 320 கி.மீ. பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகொமும் அதன் உரிமையாளர்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இவ்வடத்துக்குக் கடலடியில் ரிப்பீட்டர் எதுவும் இல்லை என்பது. கட்டுப்பாடு முழுவதும் இரு கரைகளில், இரு நாட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. ஒளியிழை வலையமைப்புகளின் சமிக்ஞைத் தரநிலைப் பணியில் இனி முதலிடம் பெற வேண்டியது இத்தகைய நிர்வாக எல்லைதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இதுவரை நடந்த பணியின் பெரும்பகுதி ஒரே நிர்வாகத்துக்குள் நின்றுவிட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2001இல், ஒளிப்பாதைகளைத் தானாக அமைக்கும் வலையமைப்புக்கான ஜி.8080 கட்டமைப்பை வகுத்தது. இணையப் பொறியியல் செயற்குழு (ஐஇடிஎஃப்) 2004இல் அதே நோக்கிலான ஜிஎம்பிஎல்எஸ் கட்டமைப்பை வெளியிட்டது. நெறிமுறைத் தேர்வில் வீணானதும் உண்டு. ஒன்றியம் 2003இல், ஒளிப்பாதையை அமைக்கும் ஒரே பணிக்கு பிஎன்என்ஐ, ஆர்எஸ்விபி-டிஇ, சிஆர்-எல்டிபி என மூன்று நெறிமுறைகளுக்கும் பரிந்துரை எழுதியது. அதே ஆண்டில் சிஆர்-எல்டிபியில் புதுப்பணி வேண்டாம் என்று செயற்குழு அறிவித்தது.

களத்தின் தேவையறிந்து செய்த பணியும் உண்டு. ஆர்எஸ்விபி-டிஇக்கு அடிப்படையான ஆர்எஸ்விபி நெறிமுறை, தான் செய்த ஒதுக்கீட்டின் நிலையை இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிப்பு தொடர்ந்து வராவிட்டால் ஒதுக்கீட்டை நீக்கிவிடும். இணையப் பொட்டலங்களுக்கு இது பொருந்தும். ஒளிப்பாதைக்கோ ஆபத்து: கட்டுப்பாட்டுச் செய்தி போகும் வழி அறுந்தாலும் ஒளி பழுதின்றிப் பாய்ந்துகொண்டிருக்கலாம். அப்போது பாதையைக் கலைப்பது ஓடும் போக்குவரத்தை நாமே துண்டிப்பதாகும். 2003இன் ஆர்எஃப்சி 3473 இதை உணர்ந்து, கட்டுப்பாட்டுத் தொடர்பு மீளும்வரை நிலையைக் காக்க வழி செய்தது.

நிர்வாக எல்லையில் அத்தகைய நுட்பம் இன்னும் போதவில்லை. தூத்துக்குடி வடத்தை ஒரு விசைப்படகின் இழுவலையோ கப்பல் நங்கூரமோ அறுத்தால், இரு முனை வடத்துக்குள் மாற்றுப் பாதை கிடையாது. தரைவழி சென்னைக்குப் போய், அங்கு கரையேறும் சீ-மீ-வீ 4 வடத்தில் கொழும்பை அடையலாம். ஆனால் இந்த இரண்டு பாதைகளும் கொழும்புப் பக்கம் ஒரே குழாய் வழியாக நுழைந்தால் என்ன செய்வது? இரு பாதைகளும் ஒன்றாக அறும் இந்தக் கூட்டு ஆபத்தைக் குறிக்கும் 32 பிட் எண் ஏற்கெனவே தரநிலையில் இருக்கிறது. அதை ஒவ்வொரு நிர்வாகமும் தன் கணக்கில் இடுகிறது. தூத்துக்குடியில் 7 என்பது ஒரு குழாயையும் கொழும்பில் அதே 7 வேறொன்றையும் சுட்டலாம். இரு பட்டியலையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கட்டுப்பாட்டு மென்பொருள் மையப்படுத்தப்பட்ட பிறகு சமிக்ஞை எதற்கு என்ற மறுப்பு எழும். 2018இன் ஏசிடிஎன் கட்டமைப்பு (ஆர்எஃப்சி 8453) பல களங்களுக்கு மேல் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைக்கிறது. ஒரே நிறுவனத்தின் பல களங்களுக்கு அது நல்ல விடை. இரு நாடுகளின் தனித்தனி நிறுவனங்களுக்கு மேல் உட்கார்ந்து உத்தரவிட யாருக்கு உரிமை? அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். சமமானவர்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்தான் வேண்டும்.

அதில் எவை பரிமாறப்பட வேண்டும்? இரு தரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் ஆபத்து அடையாளம், முன்கூட்டிய பராமரிப்பு நேரம், கடல்வடத்தில் மிச்சமிருக்கும் ஒளித்தர வரம்பு. உள்வலையமைப்பின் வரைபடம் வெளியே போகவே கூடாது; எந்த நிறுவனமும் அதைத் தராது, தரவும் தேவையில்லை. முதலாவதே கடினம். குழாயின் இருப்பிடத்தைச் சொல்லாமல் "இரண்டும் ஒன்றா" என்று மட்டும் பதிலளிக்கும் முறை வேண்டும். அதைப் புது நெறிமுறையாகப் படைக்காமல், ஏற்கெனவே உள்ள ஆர்எஸ்விபி-டிஇ விரிவாக்கமாகவோ இடவியல் தரவு மாதிரியின் கூறாகவோ வரையலாம். இந்தியத் தரப்பில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் இக்கோரிக்கையை ஒன்றியத்திடம் கொண்டுசெல்லத் தகுந்த அமைப்பு. அதற்குமுன் தூத்துக்குடி–கல்கிசை அமைப்பை ஒத்த இரு முனை ஆய்வகத்தில், இரு வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கொண்டு அது சோதிக்கப்பட வேண்டும்.